கேனான் ஷிஃப்ட் லென்ஸை ஜிஎஃப்எக்ஸில் மாட்டினால் எவ்வளவு நகர்த்தலாம்?

கேள்வி இதுதான். கேட்டவரிடம் கேனானின் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்களான டிஎஸ்-ஈ 17, டிஎஸ்-ஈ 24 (எண்கள் குவியத் தூரம், மி.மீ.-இல்) இரண்டும் இருக்கின்றன. கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காமல், லென்ஸை மட்டும் மேலும் கீழும் நகர்த்தி உயரமான கட்டடத்தைச் சாயாமல் எடுப்பது ஷிஃப்ட்; லென்ஸைச் சாய்ப்பது டில்ட். இதுவரை ஃபுல் ஃபிரேம் கேமராவில் கோவில், பழைய வீடு, ஹோட்டல் என்று எடுத்துவந்தவர், இப்போது ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் என்கிற மீடியம் ஃபார்மட் கேமரா வாங்கியிருக்கிறார். சென்சார் பெரியது என்பதால் ஷிஃப்டும் கூடுதலாகக் கிடைக்குமா, அடாப்டர் போட்டால் தரம் கெடுமா, பேசாமல் ஃபுஜியின் சொந்த 30 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸுக்கே போய்விடலாமா என்று மூன்று கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில்: கூடுதலாகக் கிடைக்காது, குறையும். பெரிய சென்சார் என்றால் எல்லாமே கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன்.

லென்ஸ் வரைவது ஒரு வட்டம். அந்தப் பிம்ப வட்டத்துக்குள் சென்சார் என்கிற செவ்வகம் எங்கே உட்காருகிறது என்பதுதான் ஷிஃப்ட். தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லின் அளவு மாறாது. தோசையைப் பெரிதாக ஊற்றினால் அதைக் கல்லுக்குள் நகர்த்த இடம் குறையத்தானே செய்யும்? டிஎஸ்-ஈ 17, டிஎஸ்-ஈ 24-இன் இரண்டாம் பதிப்பு, இரண்டும் 2009-இல் வந்தவை. இரண்டுக்கும் கேனான் சொல்லும் பிம்ப வட்டம் 67.2 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ. ஜிஎஃப்எக்ஸ் சென்சார் 43.8 × 32.9 மி.மீ. கல் ஒன்றே, தோசைதான் வேறு.

கணக்கைப் போட்டுவிடுவோம், பித்தாகரஸ் போதும். வட்டத்தின் ஆரம் 33.6. ஜிஎஃப்எக்ஸைப் படுக்கை வாக்கில் வைத்து மேலே நகர்த்தினால், அகலத்தில் பாதி 21.9. 33.6-இன் வர்க்கத்திலிருந்து 21.9-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 25.5 வரும். அதில் சென்சாரின் அரை உயரம் 16.45 போக மீதி 9 மி.மீ. அவ்வளவுதான் ஷிஃப்ட். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் இன்னும் மோசம், 7.4 மி.மீ. இதே வட்டத்தில் ஃபுல் ஃபிரேமுக்குப் படுக்கை வாக்கில் 16 மி.மீ.க்கு மேல், நெட்டுக்குத்தாக 13 மி.மீ.க்கு மேல் இடம் இருக்கிறது. லென்ஸின் திருகு 12-இலேயே நின்றுவிடும் என்பதால் ஃபுல் ஃபிரேமில் நீங்கள் ஒருநாளும் வட்டத்தின் ஓரத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆபத்தே அங்கேதான். திருகுக்குப் பின்னால் எந்த கேமரா இருக்கிறது என்று திருகுக்குத் தெரியாது. ஜிஎஃப்எக்ஸில் மாட்டினாலும் அது 12 வரை சிரித்துக்கொண்டே சுழலும். 9-ஐத் தாண்டியதும் மேல் மூலைகள் முதலில் மங்கி, அப்புறம் கறுக்க ஆரம்பிக்கும். வெளுத்த வானமாக இருந்தால் சின்னத் திரையிலேயே தெரிந்துவிடும். மாலை நேரத்து நீல வானத்தில் தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால்தான் இரண்டு மூலையும் கரி பிடித்த மாதிரி இருக்கும். நான் ஷிஃப்ட் அளவுகோலில் 7-க்கும் 9-க்கும் நேராக நெயில் பாலிஷால் இரண்டு சின்னப் புள்ளிகள் வைத்திருக்கிறேன். வெள்ளைப் புள்ளி நெட்டுக்குத்துக்கு, சிவப்பு படுக்கைக்கு.

சரி, 12 போய் 7.4 ஆகிவிட்டதே, அப்போது உயரமான கட்டடத்துக்கு இந்த கேமரா லாயக்கில்லையா? அப்படியும் இல்லை. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1987-இல் கட்டி முடித்த 13 நிலைக் கோபுரம், உயரம் சுமார் 72 மீட்டர். தெற்கே போகும் சாலையில் கேமராவைக் கண் மட்டத்தில், துளியும் அண்ணாந்து பார்க்காமல், நெட்டுக்குத்தாக வைக்கிறோம் என்று வையுங்கள். கேமராவுக்கு மேலே 70 மீட்டர் சொச்சம் படத்துக்குள் வரவேண்டும்.

டிஎஸ்-ஈ 24 ஃபுல் ஃபிரேமில்: லென்ஸின் நடு அச்சுக்கு மேலே சென்சாரின் பாதி 18, ஷிஃப்ட் 12, ஆக 30 மி.மீ. ஜிஎஃப்எக்ஸில்: பாதி 21.9, ஷிஃப்ட் 7.4, ஆக 29.3 மி.மீ. பார்த்தீர்களா, கிட்டத்தட்ட ஒன்றேதான். இரண்டிலும் நீங்கள் அந்த வட்டத்தின் உச்சிக்குப் பக்கத்தில்தான் போய் முட்டுகிறீர்கள். கலசம் படத்துக்குள் வர ஃபுல் ஃபிரேமில் சுமார் 56 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும், ஜிஎஃப்எக்ஸில் 58 மீட்டர். இரண்டு எட்டு பின்னால் போனால் ஆயிற்று. ஆனால் 58 மீட்டரில் நின்றால் ஃபுல் ஃபிரேம் படத்தின் குறுக்கே 58 மீட்டர் அகலம் அடங்கும்; ஜிஎஃப்எக்ஸில் கிட்டத்தட்ட 80 மீட்டர்.

ஆக, மீடியம் ஃபார்மட்டுக்குப் போவதால் இந்த லென்ஸ்களில் உங்களுக்குக் கிடைப்பது உயரம் இல்லை, அகலம். கோபுரத்தோடு இருபக்கத்துத் தெருவும் கடையும் வேண்டும் என்றால் நல்ல லாபம். ஒல்லியான கட்டடம் ஒன்று மட்டும் வேண்டுமென்றால், 102 மெகாபிக்சலில் பெரும்பங்கைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குச் செலவழிக்கிறீர்கள்.

அகலம் வேண்டாத சமயத்தில் கேமராவின் மெனுவில் 35 மி.மீ. ஃபார்மட் என்று ஒன்று இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். அதைப் போட்டால் சென்சாரின் நடுவில் 36 × 24 மட்டும் பதிவாகும். 100எஸ்ஸில் சுமார் 60 மெகாபிக்சல் கிடைக்கும். 12 மி.மீ. ஷிஃப்டும் பழையபடி கைக்கு வந்துவிடும். ஒரே பையில் இரண்டு கேமரா வைத்திருக்கிற மாதிரி.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும், லென்ஸ் விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். ஷிஃப்ட் என்பது பெரிய வட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பதுதான். 100 மெகாபிக்சல் கையில் இருந்தால் அந்த வெட்டை நீங்களே செய்துகொள்ளலாம். ஃபுஜியின் 20-35 ஜூமை 20-இல் வைத்து, கேமராவை மட்டமாக நெட்டுக்குத்தாக நிறுத்தினால், ஷிஃப்ட் எதுவும் இல்லாமலே ராஜகோபுரத்தின் கலசம் சுமார் 64 மீட்டரிலிருந்து வந்துவிடும். படத்தின் கீழ்ப்பாதியில் வெறும் தார்ச்சாலைதான் இருக்கும். மொத்தப் படத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கீழேயிருந்து வெட்டி எறியுங்கள், மிச்சம் இன்னும் 68 மெகாபிக்சல். கோணல் கிடையாது, அடாப்டர் கிடையாது, ஆட்டோஃபோகஸ் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை கட்டடம் எடுக்கிறவருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். அண்ணாந்து எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்துவது வேறு கதை. அதில் மேற்பகுதியைப் பக்கவாட்டில் இழுக்கவேண்டியிருப்பதால் நுணுக்கமான சுதைச் சிற்பம் இருக்கிற இடத்தில்தான் பிக்சல் பஞ்சம் வரும். மட்டமாக வைத்து வெட்டுவதில் அந்த இழுவை இல்லை.

பிறகு எதற்கு ஷிஃப்ட் லென்ஸ்? ஸ்தலத்திலேயே படத்தின் ஃபிரேமைப் பார்த்து அமைக்கலாம் என்பதற்கு. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று திரையைப் பார்க்கும்போது, கீழே உள்ள தார்ச்சாலையை மனத்தளவில் வெட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று சொல்ல முடியாது.

கோபுரம் எடுக்கும்போது ஒரு தனிச் சிக்கல். அது கட்டும்போதே மேலே போகப்போகக் குறுகிக் கட்டியது. அதனால் பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்து கேமரா நிமிர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அண்ணாந்து எடுத்த படத்தில் கோபுரம் இன்னும் கூராகத் தெரியும், அது ஒரு கம்பீரம் என்று கூட நினைத்துக்கொள்வோம். பார்க்கவேண்டியது கீழே இருக்கும் கல்காரப் பகுதியை. செங்கல்லும் சுதையுமாக மேலே எழும் நிலைகளுக்கு அடியில், கருங்கல்லில் கட்டிய அந்த அடித்தளத்தில் இருக்கும் அரைத்தூண்கள் நேராக நிற்கும். அவைதான் தூக்குக்குண்டு. கல்காரம் கூட்டத்தில் மறைந்துவிட்டால் தெருவிளக்குக் கம்பம், அதுவும் சாயாத கம்பமாகப் பார்த்து. கேமராவின் மின்னணு மட்டம் பச்சை காட்டினாலும் நான் ஒரு முறை கம்பத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிடுவேன்.

முழுக்க நேராக்கிய உயரமான கட்டடம் தலைகனத்து நிற்பது போலவும் தோன்றும். கண் கொஞ்சம் குறுகலை எதிர்பார்க்கிறது. கட்டடக் கலைஞர்கள் இம்மியும் சாயக்கூடாது என்பார்கள், பத்திரிகைக்காரர்களுக்குத் துளி சாய்வு பிடிக்கும். யாருக்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இனி இரண்டாவது கேள்வி, அடாப்டர். கேனான் ஈஎஃப் மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை 44 மி.மீ., ஜிஎஃப்எக்ஸில் 26.7 மி.மீ. இடைவெளி 17.3 மி.மீ.; அடாப்டரின் தடிமன் அதுதான். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை. அதனால் அடாப்டர் தரத்தைக் கெடுக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். கெடுக்கும். கண்ணாடியால் இல்லை, லென்ஸைத் துளி சாய்வாக உட்காரவைக்கும் கோணலால்.

முதலில் அப்பர்ச்சர். டிஎஸ்-ஈ லென்ஸில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது, எல்லாம் மின்சாரத்தில். வெறும் குழாய் அடாப்டர் போட்டால் லென்ஸ் முழுக்கத் திறந்தே நிற்கும். ஆகவே மின்தொடர்பு உள்ள அடாப்டர் வேண்டும்; ஃபிரிங்கர், டெக்ஆர்ட் போன்றவர்கள் செய்கிறார்கள். அவசரத்துக்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது: கேனான் பாடியில் லென்ஸை மாட்டி, எஃப் 8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றுங்கள். அப்பர்ச்சர் எஃப் 8-லேயே உறைந்துவிடும். பிறகு எந்தக் குழாயிலும் போட்டுக்கொள்ளலாம். ஒருநாள் முழுக்க எஃப் 8-இல் வேலை பார்க்கத் தயாராக இருந்தால் சரி.

இப்போது கோணல். நான் முதலில் வாங்கிய அடாப்டரில் எடுத்த எல்லாப் படத்திலும் வலது மேல் மூலை மட்டும் மங்கலாக இருந்தது. லென்ஸ் கீழே விழுந்திருக்கும் என்று நினைத்து, வாங்கிய இடத்தில் சண்டை போடப் போகிற நிலைக்கு வந்துவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக ட்ரைபாட்டை நிறுத்தி, ஷிஃப்ட் பூஜ்யம், டில்ட் பூஜ்யம், எஃப் 4-இல் ஒரு படம். பிறகு லென்ஸின் சுழற்சிப் பூட்டை விடுவித்து, லென்ஸை மட்டும் 90 டிகிரி திருப்பி இன்னொரு படம். மங்கல் லென்ஸோடு சேர்ந்து அடுத்த மூலைக்கு நகர்ந்தால் குற்றவாளி லென்ஸ். அதே மூலையில் உட்கார்ந்திருந்தால் அடாப்டரோ பாடியோ. எனக்கு அது நகரவே இல்லை. வேறு அடாப்டர் போட்டதும் போய்விட்டது. டிஎஸ்-ஈ மாதிரி சுழலும் ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கிற வசதி இது, சாதாரண லென்ஸில் இப்படித் திருப்ப முடியாது.

எவ்வளவு கோணல் இருந்தால் தெரியும்? 100எஸ்ஸில் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான். இரண்டு பிக்சல் அளவு மங்கலைப் பொறுத்துக்கொள்வோம் என்றால், எஃப் 4-இல் சென்சார் பக்கம் கிடைக்கும் ஃபோகஸ் ஆழம் மொத்தமே 0.06 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். எஃப் 8-இல் அது இரட்டிப்பாகும், அதனால்தான் எஃப் 8-இல் பல பாவங்கள் மறைந்துவிடுகின்றன. சோதனையை எஃப் 4-இல் செய்யச் சொன்னதும் அதனால்தான்.

தடிமன் குறைவதும் ஒரு தொல்லை. முடிவிலி ஃபோகஸ் கட்டாயம் வந்துவிடவேண்டும் என்பதற்காகச் சில அடாப்டர்களைக் கொஞ்சம் மெலிதாகவே கடைகிறார்கள். 0.1 மி.மீ. மெலிந்தால் போதும், 17 மி.மீ. லென்ஸில் உண்மையான முடிவிலி, வளையத்தில் 3 மீட்டர் என்று எழுதிய இடத்துக்கு வந்துவிடும். தூர அளவுகோலை நம்பி இருட்டில் ஃபோகஸ் வைத்தால் மொத்தப் படமும் போச்சு. திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் வைப்பவருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பல சமயம் லென்ஸும் சரியாக இருக்கும், அடாப்டரும் சரியாக இருக்கும். டில்ட் திருகு பையில் உரசி அரை டிகிரி நகர்ந்திருக்கும். படப்பிடிப்புக்கு முன்னால் டில்ட் பூட்டைத் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, வீட்டைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பது போல.

மூலையில் கூர்மை இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூலையில் உருவம் என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டில் வளவை, அதாவது உள்முற்றத்தை, எடுத்துக்கொண்டிருந்தேன். ஆத்தங்குடித் தரையை நிறையக் காட்டவேண்டும், பர்மா தேக்குத் தூண்கள் நிமிர்ந்து நிற்கவேண்டும். கேமராவை மட்டமாக வைத்துவிட்டு லென்ஸைக் கீழ்நோக்கி நகர்த்தினால் தரை விரிந்து வரும், தூண் அசையாது. உள்வேலைக்கு ஷிஃப்டைக் கீழே இறக்குவதுதான் என் கணக்கில் அதிகம். டிஎஸ்-ஈ 17, ஷிஃப்ட் 9. திரையில் பார்க்க ரொம்ப நன்றாக இருந்தது. கீழ் மூலையில், தூணோரம், ஒரு பித்தளைக் குண்டான். அது குண்டானாக இல்லை. மாங்கொட்டை மாதிரி நீண்டு கிடந்தது.

லென்ஸின் குறை இல்லை அது, வடிவியல். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும் அச்சிலிருந்து விலகிய உருண்டையை இழுத்துத்தான் ஆகவேண்டும். 17 மி.மீ. லென்ஸில் பிம்ப வட்டத்தின் ஓரம் அச்சிலிருந்து 63 டிகிரி. அங்கே ஓர் உருண்டை அகலத்தைப் போல 2.2 மடங்கு நீளமாகத் தெரியும். 24-இல் ஓரம் 54 டிகிரி சொச்சம், இழுவை 1.7 மடங்கு. ஃபுல் ஃபிரேமில் ஷிஃப்ட் பூஜ்யத்தில் 17-ஐப் போட்டால் மூலை 52 டிகிரியில் நின்றுவிடும், அதனால் அங்கே இவ்வளவு மோசமாகத் தெரியாது. ஜிஎஃப்எக்ஸில் அந்த வட்டத்தின் கடைசி மில்லிமீட்டர் வரை நக்கி எடுக்கிறோம், அதனால் தெரிகிறது. எதிர்ச்சுவரில் தட்டையாக மாட்டிய கடிகாரம் எந்த மூலையிலும் வட்டமாகவே இருக்கும். உருண்டை விளக்கு, குடம், மனித முகம் இவற்றைத்தான் மூலையிலிருந்து அப்புறப்படுத்தவேண்டும். குண்டானை நடுவளவுக்கு நகர்த்தினேன். வீட்டுக்காரம்மா அது எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து அந்த இடத்தில்தான் இருக்கிறது என்றார். படம் எடுத்ததும் திரும்ப வைத்துவிட்டேன்.

அதிலிருந்து 17-ஐ ஜிஎஃப்எக்ஸில் 6, 7-க்கு மேல் நகர்த்துவதில்லை. 24-ஐக் கடைசி வரை தள்ளுவேன்.

அப்பர்ச்சர் எவ்வளவு? ஷிஃப்ட் செய்யாதபோது எஃப் 8. நன்றாக நகர்த்தியபோது எஃப் 11. எஃப் 16-க்குப் போனால் ஓரம் கொஞ்சம் தேறும், ஆனால் இவ்வளவு சின்ன பிக்சலில் டிஃப்ராக்ஷன் என்கிற விளிம்பு விளைவு நடுவையும் சேர்த்து மழுக்கிவிடும். டில்ட்டும் ஷிஃப்டும் சேர்த்துப் போட்டால் பிம்ப வட்டமே கொஞ்சம் நகரும் என்பதையும் மனதில் வையுங்கள், 9 மி.மீ. என்ற கணக்கு டில்ட் பூஜ்யத்துக்கு மட்டும்தான்.

நிறச் சாயம் பற்றி ரொம்பப் பயமுறுத்துவார்கள், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மெஜந்தா என்று. அந்தக் கதை வேறு லென்ஸ்களைப் பற்றியது. டெக்னிக்கல் கேமராக்களுக்கு ஷ்னைடர் செய்த சமச்சீர் வைட் லென்ஸ்களில் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் இருக்கும். ஓரத்து ஒளி சாய்வாக விழுந்து பக்கத்து பிக்சலுக்குள் கசியும். வெளிச்சமும் ஓரத்தில் பயங்கரமாகக் குறையும். அச்சிலிருந்து 53 டிகிரி என்றால் நடுவில் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். எஸ்எல்ஆர் கேமராவுக்காகச் செய்த டிஎஸ்-ஈ அப்படியில்லை. உள்ளே மேலெழும் மிரர் இருக்கும் பெட்டிக்கு இடம் விட்டு 44 மி.மீ. தள்ளி நிற்கவேண்டியிருந்ததால், ஒளி சென்சாரில் ஓரளவு நேராகவே விழும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். 100எஸ்ஸின் பின்னொளி சென்சாரும் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே உங்களுக்குக் கவலை ஓர இருட்டு மட்டும்தான்.

அதற்கு மருந்து ஒரு வெள்ளைத் தகடு. விளம்பரப் பலகை செய்கிற கடையில் பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு 3 மி.மீ. தடிமனில் கிடைக்கும், கழிவுத் துண்டே போதும். படம் எடுத்ததும் ஷிஃப்டையும் அப்பர்ச்சரையும் தொடாமல், தகட்டை லென்ஸ் முன்னால் ஒட்டினாற்போல் பிடித்து, எக்ஸ்போஷரைக் கூட்டி இன்னொரு படம். கேப்சர் ஒன்னில் இதற்கு எல்சிசி என்று பெயர், லைட்ரூமில் ஃபிளாட் ஃபீல்ட். இந்த வெள்ளைப் படத்தை வைத்து மென்பொருள் இருட்டையும் சாயத்தையும் சமன்செய்துவிடும். கேப்சர் ஒன்னில் சென்சார் தூசியும் அதிலேயே போய்விடும். 17-இன் முன்கண்ணாடி புடைத்துக்கொண்டிருப்பதால் தகடு உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸ் பிரொஃபைல் என்று மென்பொருள் தானாகச் செய்யும் திருத்தத்தை ஷிஃப்ட் படங்களில் அணைத்துவிடுங்கள். அது அச்சு படத்தின் நடுவில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திருத்தும். நீங்களோ அச்சை நகர்த்திவிட்டீர்கள்.

மூன்றாவது கேள்வி, ஃபுஜியின் 30. 2023-இல் வந்தது, எஃப் 5.6, பிம்ப வட்டம் 85 மி.மீ., ஷிஃப்ட் 15 மி.மீ. மறுபடி ராஜகோபுரம்: நெட்டுக்குத்தாக 21.9-உம் 15-உம் சேர்த்து 36.9 மி.மீ., லென்ஸ் 30 மி.மீ. கலசம் எங்கிருந்து வரும் என்று பார்த்தால் 57 மீட்டர். டிஎஸ்-ஈ 24-உக்கு 58. ஆக அதே இடத்தில் நின்று அதே உயரம்தான். வித்தியாசம் என்னவென்றால் ஃபுஜி மூலையிலும் இன்னும் 2 மி.மீ. வட்டம் கையிருப்பில் இருக்கும். கேனான் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். மூலைகளைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஆள் என்றால் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். பதிலுக்கு அகலம் 80 மீட்டரிலிருந்து 64 மீட்டராகக் குறையும். முழு ஷிஃப்டிலும் கோணம் கொஞ்சம் அடங்கியே இருப்பதால் குண்டானும் குண்டானாகவே இருக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் மாங்கொட்டை ஆகாது.

கட்டட வேலை மட்டுமே பிழைப்பு, வெளிப்புறம்தான் அதிகம் என்றால் 30-ஐ வாங்குங்கள். உள்வேலை அதிகம் என்றால் 30 போதாது, அது ஃபுல் ஃபிரேமில் 24-க்குச் சமம்தான். 24-ஐயும் 17-ஐயும் விற்றுவிட்டு அதை வாங்கினால் குளியலறை எடுக்கும்போது வருத்தப்படுவீர்கள். கையில் ஏற்கெனவே இரண்டும் இருக்கிற உங்கள் நிலையில் நான் என்றால் ஒரு நல்ல அடாப்டர் மட்டும் வாங்கி ஆறு மாதம் ஓட்டுவேன்.

பணம் குறைவு என்றால் இரண்டு வழி. லாவோவா 15, 20 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ்கள் ஜிஎஃப்எக்ஸின் சொந்த ஜி மவுண்ட்டிலேயே கிடைக்கின்றன, அடாப்டர் வேண்டாம், அப்பர்ச்சர் வளையமும் உண்டு. வட்டம் 65 மி.மீ. என்பதால் ஜிஎஃப்எக்ஸில் ஷிஃப்ட் 8 மி.மீ.தான். டில்ட் கிடையாது. இன்னொன்று, பழைய மாமியா 645 அல்லது பென்டாக்ஸ் 645-இன் 35 மி.மீ. லென்ஸை ஷிஃப்ட் அடாப்டரில் மாட்டுவது. அந்த லென்ஸ்கள் 56 × 41.5 மி.மீ. ஃபிலிமை மூடச் செய்தவை, வட்டம் 70 மி.மீ. அளவுக்கு இருக்கும்; ஆகவே சுமார் 10 மி.மீ. நகர்த்தலாம். அவற்றின் மவுண்ட் தூரம் 60, 70 மி.மீ. என்பதால் அடாப்டருக்குள் நகரும் பொறியை வைக்க இடம் இருக்கிறது. கேனானுக்கு இருக்கும் 17 மி.மீ.க்குள் அது கஷ்டம். ஓரக் கூர்மை ஃபிலிம் காலத்தது, 100 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

ஃபேஸ் ஒன்னின் 150 மெகாபிக்சல் டிஜிட்டல் பேக்குக்கு (கேமராவின் பின்னால் மாட்டும் சென்சார் பெட்டி) மாறலாமா என்று யாராவது ஆசை காட்டினால் ஒன்று: அதன் சென்சார் 53.4 × 40 மி.மீ., மூலைக்கு மூலை 66.7. உங்கள் கேனான் வட்டம் 67.2. நகர்த்த அரை மில்லிமீட்டர் கூட இல்லை. அங்கே ரோடன்ஸ்டாக்கின் 90 மி.மீ. வட்டம் உள்ள லென்ஸ்கள்தான், விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான். ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, பாடியில் கிடையாது. கேனான் லென்ஸை மாட்டினால் மின்னணு ஷட்டர் ஒன்றே வழி. சென்சாரை வரி வரியாகப் படிக்க நேரம் எடுப்பதால் ஓடும் மின்விசிறி வளையும், எல்இடி விளக்கில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஹோட்டல் உள்வேலைக்கு அது ஆகாது.

ட்ரைபாட்டில் நிற்கும்போது கேமராவின் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது சென்சாரை நகர்த்துகிறது, நாம் ஏற்கெனவே வட்டத்தின் விளிம்பில் இருக்கிறோம். கடைசியாக ஷிஃப்ட் பூட்டு. நெட்டுக்குத்தாக வைத்து நகர்த்தியபின் கனமான பாடி பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும், நீண்ட எக்ஸ்போஷரில் திருகு அரைச்சுற்று தானாக இறங்கிவிடும். முதல் படத்தில் 7-இல் இருந்தது நாலாவது படத்தில் 6-க்கு வந்திருக்கும், அந்த நாலையும் ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் தெரியும். எதிர்ப்பக்கம் இருக்கும் சின்னத் திருகை முறுக்கிவிட்டு, வெள்ளைப் புள்ளி இன்னும் கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ரிமோட்டைத் தொடுவேன்.